திமில் பார்த்து வாங்கிய மோட்டார் சைக்கிள்

மதுரையில் குளிர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவனியாபுரத்துக்குத் தெற்கே, கண்மாய்க்கரைச் சாலையில், மார்கழி விடியலில் பஸ்ஸுக்காக நின்று பார்க்கட்டும். பல் கிட்டும்போது சிரிப்பு வராது. நான் கல்யாணமாகிப் போன ஊர் அந்தச் சாலையில்தான் இருந்தது. நகரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு டீச்சர் வேலை.

ஐப்பசி மழை இறங்கினால் அந்தக் கரிசல் சாலை களியாகிவிடும். பஸ் தன் இஷ்டத்துக்கு வரும். வந்தாலும் ஆள் நிரம்பாமல் டிரைவர் கிளப்ப மாட்டார். பிரார்த்தனை மணி அடித்து ஓய்ந்த பிறகு நான் நனைந்த சேலையோடு வாசலில் போய் நிற்பேன். ஒருநாள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "பொங்கல் லீவு வரைக்கும் பார்ப்பேன். அதற்குள் இன்னொரு முறை பிந்தினால் வேலை நிரந்தரமாகாது. வேறு டீச்சர் போட்டுக்கொள்வேன்" என்று சொல்லிவிட்டார். புகுந்த வீட்டில் நான் சோறு வடிக்கவும் சாணி அள்ளவும் வந்த மருமகள். அந்த வகுப்பறை ஒன்றில்தான் நான் நானாக இருந்தேன். அதைப் பறிகொடுக்க எனக்கு மனமில்லை.

எதிர்வீட்டுக் கீரைக்காரர் தினமும் இருட்டோடு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு நகரத்துச் சந்தைக்குப் போவார். அதில் போகிறேன் என்றேன். என் வீட்டுக்காரரின் அண்ணன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அவரை வீட்டில் பெரியவர் என்போம்.

"நம்ம வீட்டு மருமக கீரக்கட்டு மேல உக்காந்து போறதா? நாளைக்கு நான் ஊருக்குள்ள தல நிமிந்து நடக்க வேணாமா?"

அவர் தலை நிமிர்வதற்காக மோட்டார் சைக்கிள் வாங்குவது என்று முடிவாயிற்று. என் வீட்டுக்காரர் என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அப்படியே தன் பருத்திக் கடைக்குப் போய்விடலாம்.

சீமைக்குத் திரும்பிப் போகிற வெள்ளைக்கார இஞ்சினீயர் ஒருவர் தன் பங்களாவில் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் மோட்டார் சைக்கிள் இரண்டு இருந்தன. நானும் கூடப் போனேன். ஏறப்போகிறவள் நான் அல்லவா?

ஒன்று சின்னது. பின்னால் மெத்தை வைத்த இருக்கை இருந்தது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே என் கை முழுசாக நுழைந்தது. எவ்வளவு களி அப்பினாலும் சக்கரம் சுற்றும். பங்களா பட்லர் ஓர் உதை விட்டார், கிளம்பியது. மழைக்கும் பனிக்கும் இதற்கு மேல் என்ன வேண்டும்? இன்னொன்று ராட்சசன். மட்கார்டுக்கு அடியில் விரல்கூட நுழையாது. பின்னால் உட்கார வெறும் கம்பிதான் இருந்தது. அதைக் கிளப்புவதற்குள் பட்லருக்கு வேர்த்துவிட்டது.

"சின்னதே போதும்" என்றேன்.

பெரியவர் காதில் வாங்கினால்தானே! ஜல்லிக்கட்டு மாடு பார்த்து வாங்குவதில் தன்னை அடிக்க ஆளில்லை என்று அவருக்கு நினைப்பு. அப்படி அவர் வாங்கிய மாடுகள் வாடிவாசலைத் தாண்டியதும் எங்கே புல் இருக்கிறது என்று பார்க்கும். அது வேறு கதை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு வண்டியையும் சுற்றி வந்தார். சின்னதின் பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டி, உதட்டைப் பிதுக்கினார். பெரியதின் முன்னால் வந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பெட்ரோல் டாங்கி உப்பலாக, உயரமாக, செக்கச்செவேலென்று இருந்தது.

"தம்பி, திமிலப் பாருடா! எம்புட்டு எடுப்பா நிக்கிது! திமில் இல்லாதத எவனாச்சும் பிடிச்சுட்டுப் போவானா?"

"மச்சான், இது மாடு இல்ல" என்றேன்.

"ஒனக்கு என்னத்தா தெரியும்? உருப்படிய வாங்குறதுன்னா எல்லாத்துக்கும் லட்சணம் ஒன்னுதான்."

என் வீட்டுக்காரர் பக்கம் பார்த்தேன். "அண்ணே சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். ஆண்டவன் அவருக்குக் கழுத்தைப் படைத்ததே அண்ணனைப் பார்த்து ஆட்டுவதற்காகத்தான்.

செக்கச்செவேலென்ற திமில் வீட்டுக்கு வந்தது. எலுமிச்சம்பழம் நசுக்கி, முன்விளக்குக்கு விபூதி பூசி, ஹேண்டில்பாருக்கு மாலை போட்டார்கள். எனக்காகப் பின்கம்பியில் கல்யாண மணைப்பலகையைக் கயிற்றால் கட்டினார்கள். வெயில் அடித்த சில நாட்கள் அது ஓடியது, பொய் சொல்லக் கூடாது. கார்த்திகை மழையில் கண்மாய்க்கரைக்கு வந்ததும் மட்கார்டுக்குள் களி அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். இவர் இறங்கிக் குச்சியால் நோண்ட, நான் மணைப்பலகையை விட்டு இறங்கிச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நிற்பேன். மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததெல்லாம் வாசல் வரைக்கும் நான் ஓடிய ஓட்டத்தால்தான்.

மார்கழி வந்தது. ராத்திரிப் பனி ஆகாது என்று பெரியவர் வண்டிக்குக் கம்பளி போர்த்தினார். வீட்டில் இருந்ததே அந்த ஒரு கம்பளிதான். விடியலில் வெடவெடத்துக்கொண்டு சேலைத் தலைப்பைப் போர்த்தியிருந்தவள் நான்.

பள்ளிக்கூடத்தை மேற்பார்வையிட அதிகாரி வருகிற நாள். அன்று பிந்தினால் தலைமையாசிரியை என் முகத்தில் முழிக்கவே மாட்டார். இருட்டோடே கிளம்பினோம். இவர் உதைத்தார், வண்டி இருமியது. மறுபடி உதைத்தார். அது திருப்பி உதைத்தது. "ஐயோ" என்று கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெரியவர் ஓடி வந்து யாரைத் தடவிக்கொடுத்தார் என்கிறீர்கள்? டாங்கியைத்தான். "மெரளுது, கொஞ்சம் பொறு" என்றார்.

நான் பொறுக்கவில்லை. கீரைக்காரர் நுகத்தடியில் மாடுகளைப் பூட்டி முடித்திருந்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேரே போனேன்.

"அண்ணே, நானும் வாரேன்."

"ஏறுங்க டீச்சரம்மா" என்று சொல்லி, கொத்தமல்லிக் கட்டை நகர்த்தி இடம் விட்டார்.

திமிலும் அவ்வளவாக இல்லாத அந்த இரண்டு கிழட்டு மாடுகள் களியில் நிற்கவில்லை, பனியில் இருமவில்லை, ஆள் நிரம்பக் காத்திருக்கவும் இல்லை. நான் போனபோது பள்ளிக் கதவே திறக்கவில்லை. சேலையில் ஒட்டியிருந்த மல்லித்தழையைத் தட்டிவிட்டுக்கொண்டே வாசலில் நின்றேன். எனக்கு அழுகை வந்தது. இந்த வண்டி இத்தனை நாளும் எதிர்வீட்டில்தானே இருந்தது!

அன்றிலிருந்து அதில்தான் போனேன். வேலை போனால் சம்பளமும் போகும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். பெரியவர் மட்டும், எனக்கு மோட்டார் ஆகாது, தலைசுற்றும் என்று ஊரில் சொல்லி வைத்தார். பொங்கல் லீவுக்கு முன்னால் வேலை நிரந்தரமாகிவிட்டது. "மோட்டார் சைக்கிள் வந்த ராசி" என்று தெருவெல்லாம் பேசினார் பெரியவர். என் வீட்டுக்காரரும் நொண்டிக்கொண்டே தலையை ஆட்டினார்.

மாட்டுப்பொங்கல் அன்று கூடியிருந்த சனத்துக்கு முன்னால் வண்டியைக் கழுவி நிறுத்தினார்கள். டாங்கியில் சந்தனமும் ஹேண்டில்பாரில் கரும்புமாக அது ஜொலித்தது. பெரியவர் ஆலத்தித் தட்டை என்னிடம் நீட்டினார்.

"ஒனக்குச் சோறு போடுற உருப்படி. நீயே சுத்துத்தா."

தட்டை வாங்கிக்கொண்டேன். வண்டியைத் தாண்டித் தெருவைக் கடந்து போனேன்.

"ஏத்தா, எங்கிட்டுப் போற? வண்டி இங்கனதான நிக்கிது!"

"ஆமா மச்சான், அது அங்கனயே நிக்கிது. மார்கழி பூராம் நடந்தது இதுக ரெண்டும்" என்றேன்.

ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கீரைக்காரர் மாடுகளுக்கு ஆலத்தி சுற்றி, இரண்டு நெற்றியிலும் குங்குமம் வைத்தேன்.