நெயில் பாலிஷில் எழுதிய நம்பர்

திருவொற்றியூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் மூன்று போர்ஷன்கள். தெருவைப் பார்த்தது ஒரு கயிறு வியாபாரியின் குடோன். அதில் ஒரே ஒரு குண்டு பல்பு, அதுவும் சரக்கு இறக்கும்போதுதான் எரியும். நடுவில் நான், என் வீட்டுக்காரர், எங்கள் பெண். பின்னால் மீன் விற்கிற அக்கா, தனி ஆள். மாடியில் ஓனரம்மா.

மொத்த வீட்டுக்கும் மின்சார வாரியத்து மீட்டர் ஒன்றுதான். குடித்தனக்காரர்களான நாங்கள் பாயிண்டுக்கு இவ்வளவு என்று வாடகையோடு சேர்த்துக் கொடுப்போம். டியூப் லைட்டுக்கு ஒரு விலை, ஃபேனுக்கு ஒரு விலை, டிவிக்கு ஒரு விலை. எரித்தாலும் எரிக்காவிட்டாலும் அதேதான். அந்தக் கணக்கின் மேலேயே எனக்கு நம்பிக்கை கிடையாது. மாடியில் இரண்டு பெட்ரூமிலும் ஃபேன் சுற்றுகிறது, அது யார் தலையில் விடிகிறது என்று யோசிப்பேன்.

நான் ஏழாவதோடு படிப்பை விட்டவள். படிக்காதவளைத்தான் எல்லோரும் ஏமாற்றுவார்கள் என்ற பயம் எனக்குள் எப்போதும் உண்டு. ரேஷனில் மண்ணெண்ணெய் ஊற்றினால் நுரை அடங்கும்வரை கேனை நகர்த்த மாட்டேன். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் கரண்ட் ரேட்டு ஏறியது. அதே சமயத்தில் என் வீட்டுக்காரர் லேத் ஓட்டிய பட்டறைக்கு ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றது. அந்த நேரம் பார்த்து ஓனரம்மா கீழே இறங்கி வந்தார்.

"இத்த பாரும்மா, பாயிண்டு கணக்கு இனிமே எனக்குக் கட்டாது. ஆளுக்கொரு சின்ன மீட்டர் வெச்சிடறேன். எரிக்கிறத எரிங்க, எரிச்சதுக்குக் குடுங்க."

வயர்மேன் வந்தார். மாடிப்படிக்குக் கீழே ஒரு பலகை அடித்து, எங்கேயோ கழற்றிய மூன்று பழைய மீட்டர்களை வரிசையாக மாட்டினார். கருப்பு டப்பா, நடுவில் கண்ணாடி, உள்ளே சுற்றுகிற ஒரு தகட்டுச் சக்கரம். வேலை முடிந்ததும், டீ குடித்துவிட்டு வந்து நம்பர் போடுகிறேன் என்று போனார்.

அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. அவர் திரும்பி வரும்போது ஓனரம்மா பக்கத்தில் நிற்பார். தனக்குத் தோதாக நம்பர் போடச் சொல்வார். மாடியில் எரிவதில் கொஞ்சம் நம் மீட்டரில் சேர்ந்துவிடும். அதற்கு முன் நாமே எழுதிவிட்டால் யாரும் மாற்ற முடியாது. சாக்பீஸில் எழுதினால் அழித்துவிடுவார்கள். பெண்ணின் நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து வந்தேன். வாசல்கள் இருக்கும் வரிசைப்படி, குடோனுக்கு ஒன்று, எங்களுக்கு இரண்டு, அக்காவுக்கு மூன்று என்று சிவப்பில் எழுதி ஊதி ஊதிக் காயவைத்தேன். வயர்மேன் அன்றைக்குத் திரும்பி வரவே இல்லை. வேறு வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்று அப்படியே போய்விட்டார். ஓனரம்மா சாயங்காலம் வந்து நம்பர்களைப் பார்த்து, "அழகா எழுதிட்டுப் போயிருக்கான்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஓனரம்மா சீட்டில் எழுதிக் கொடுத்த முதல் பில், பாயிண்டு கணக்கில் கொடுத்ததைப்போல் ஒன்றரை மடங்கு. சரி, குளிர்காலம், சீக்கிரம் இருட்டிவிடுகிறது, பெண் பரீட்சைக்குப் படித்தாள் என்று மனதைத் தேற்றினேன். அடுத்த இரண்டு மாதம் வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். அயர்ன் பாக்ஸை அட்டைப்பெட்டியில் போட்டு பரண்மேல் ஏற்றினேன். மிக்சி வேண்டாம், அம்மிதான். பகலில் ஃபேன் போட்டால் ஏன் என்று கேட்பேன். என் வீட்டுக்காரர் கிரிக்கெட் மேட்ச் பார்க்க டிவியைப் போட்டுவிட்டு, சத்தத்தைக் குறைத்துவைத்தார்.

"சவுண்ட கம்மியா வெச்சா கரண்ட்டு கம்மியா ஆவும்" என்றார்.

"ஆவும் ஆவும். படத்தையும் நிறுத்து, இன்னும் கம்மியாவும்."

வீட்டில் வேர்த்துக் கொட்டியது. மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனால், எண்ணூர்ப் பக்கம் வரிசையாகப் புகைபோக்கிகள் தெரியும். அங்கே கரண்ட் செய்கிறார்கள், அதன் சாம்பல் எங்கள் வெள்ளைத் துணியில் வந்து உட்காருகிறது. உதறும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். சாம்பலை மட்டும் வீடு தேடி வந்து இனாமாகக் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது பில் முதல் பில்லைவிட அதிகமாக வந்தது. நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அக்கா காசிமேட்டிலிருந்து கூடையோடு வந்தாள். அவளுடைய சீட்டை ஓனரம்மாவிடமிருந்து வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா தங்கச்சி, நான் ஃபிரிட்ஜ் வாங்கிக் கீறேன், எனக்கு பில்லு கொறஞ்சிகினு வருது. நீ லைட்ட அணைச்சிட்டு இருட்டுல குந்திகினு கீற, உனக்கு ஏறிகினு போவுது. நீயும் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிடேன்."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்கு அது நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது. விற்காமல் மிஞ்சும் மீனை வைக்க, மீட்டர் வந்த புதிதில் ஒரு பழைய ஃபிரிட்ஜை அவள் தவணைக்கு வாங்கியிருந்தாள். இரவும் பகலும் ஓடுகிற பெட்டி. அதற்கு எப்படி பில் வராமல் இருக்கும்?

மறுநாள் எல்லோரும் வெளியே போன பிறகு வீட்டில் ஒரு சுவிட்ச் விடாமல் அணைத்துவிட்டுப் படிக்கட்டுக்குக் கீழே போய் நின்றேன். இரண்டாம் நம்பர் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றது. மறுபடி ஓடியது. திருடுகிறவள் கூட இடைவெளி விட்டுத்தான் திருடுகிறாள் என்று நினைத்தேன். மூன்றாம் நம்பர் அசையாமல் நின்றதையும் பார்த்தேன். ஏன் அசையப்போகிறது, அவளுடையதெல்லாம்தான் நம் வயரில் ஓடுகிறதே என்று அதையும் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

அக்காவின் வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கும். அவள் விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போகிறவள், கூட்டத்தில் சாவி தொலைந்துவிடும் என்று என் வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் போவாள். பம்பில் தண்ணீர் வந்தால் நான் இரண்டு குடம் பிடித்து உள்ளே வைப்பேன். வருஷக்கணக்காக அப்படித்தான்.

சித்திரை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பழவேற்காட்டில் சொந்தக்காரர் வீட்டு மஞ்சள் நீராட்டுக்குக் கிளம்பினாள்.

"ஞாயித்துக்கெழம காலைல வந்துடுவேன். ஞாயித்துக்கெழம யாவாரத்துக்கு வஞ்சரம் வாங்கி உள்ள வெச்சிக் கீறேன். வூட்ட கொஞ்சம் பாத்துக்கம்மே."

பார்த்துக்கொண்டேன். பதினோரு மணிக்குச் சாவியைப் போட்டு உள்ளே நுழைந்து, சுவரோரமாக ஒவ்வொரு வயராகத் தடவிப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து ஏதாவது வருகிறதா என்று கட்டிலை நகர்த்திப் பார்த்தேன். துணி மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவள் என்னை நம்பி விட்டுப்போன வீட்டில் இப்படிக் குனிந்துகொண்டு நிற்கிறோமே என்று ஒரு நிமிஷம் கூச்சமாக இருந்தது. பிறகு பில் ஞாபகம் வந்தது. ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. சுவிட்சை மேலே தூக்கி அணைத்துவிட்டு, படிக்கட்டுக்கு ஓடினேன்.

இரண்டாம் நம்பர் சக்கரம் நின்றிருந்தது.

நேரே மாடிக்கு ஏறி, ஓனரம்மாவிடம் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கீழே இறங்கி வந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "வயர்மேன கூப்புடறேன். அவ வர்ற அன்னிக்கே வெச்சிக்கலாம். அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காத" என்றார். நான் வீட்டுக்கு வந்து, அவளை எப்படிக் கேட்பது, என்ன சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே இருந்தேன். அன்றைக்கும் மறுநாளும் அதே வேலை. அணைத்த சுவிட்சை மறுபடி போடவில்லை என்பது என் ஞாபகத்திலேயே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வந்து சாவியை வாங்கிப் போனாள். கதவு திறந்த சத்தத்துக்குப் பின்னாலேயே அந்த நாற்றம் வந்தது. எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது.

"தங்கச்சி, ரெண்டு நாளா கரண்ட்டு இல்லியா?"

"போச்சி… போய்ப் போய் வந்துச்சி" என்றேன். பொய்.

அவள் உள்ளே போய் நின்று பார்த்தாள். தரையெல்லாம் மீன் தண்ணீர் ஓடிக் காய்ந்திருந்தது. பிறகு வாசலுக்கு வந்தாள்.

"சுச்சு மேல தூக்கிக் கீது. நான் கீழ தட்டி வெச்சிட்டுதான் போனேன். சாவி உங்கிட்டதான இருந்திச்சி?"

மாட்டிக்கொண்டவள் என்ன செய்வாள், நான் எகிறினேன். "ஆமா, நாந்தான் அணைச்சேன். நீ என் கரண்ட்ட எடுத்து ஃபிரிட்ஜ் ஓட்டுற. ரெண்டு பில்லா நான் கட்டிகினு கீறேன். கையும் களவுமா பாத்துட்டுதான் பேசறேன்."

"இன்னா சொன்ன?"

"திருடிகினு கீறன்னு சொன்னேன்."

அவள் வாய் பெரிய வாய். மார்க்கெட்டில் நான்கு கடை தள்ளிக் கேட்கும். அன்றைக்கு அவள் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. தப்பு செய்தவள்தான் அமைதியாக இருப்பாள் என்று நினைத்தேன்.

ஓனரம்மா வயர்மேனை அழைத்துக்கொண்டு இறங்கி வந்தார். வயர்மேன் பலகையைப் பார்த்தார். பைப்பிலிருந்து வரும் வயர்களை விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு சிவப்பு நம்பரின்மேல் நகத்தால் சுரண்டினார்.

"இந்த நம்பர எவன் போட்டான்?"

"நீதானேப்பா?" என்றார் ஓனரம்மா.

"நான் எங்க போட்டேன்? டீ குடிக்கப் போனவன் அப்பிடியே கொருக்குப்பேட்டைக்குப் போய்ட்டேன். இந்த நடு போர்ஷன் முன்ன குடோனோட சேந்து இருந்திச்சி, அப்பாலதான் தடுத்தீங்க. அதுக்கு வயரு கடைசியாதான் வருது. நடு போர்ஷனுக்கு மூணாவது மீட்டரு. ரெண்டாவது பின்னாடி போர்ஷனுது."

எங்கள் வீட்டு மெயினை அணைக்கச் சொன்னார். மூன்றாம் நம்பர் சக்கரம் நின்றது. போடச் சொன்னார். ஓடியது. அக்காவின் ஃபிரிட்ஜைப் போடச் சொன்னார். இரண்டாம் நம்பர் ஓடியது. சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் மூன்று முறை செய்து காட்டினார். நான்கு மாதமாக அக்காவின் ஃபிரிட்ஜுக்கு நான் கட்டியிருக்கிறேன். நான் இருட்டில் உட்கார்ந்து மிச்சம் பிடித்ததெல்லாம் அவள் சீட்டில் குறைந்திருக்கிறது.

"அப்ப யாருதான் எழுதுனது?" என்று ஓனரம்மா சுற்றிப் பார்த்தார். வாசலில் நின்றிருந்த என் பெண் அந்தச் சிவப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

"நாந்தான்" என்றேன்.

வயர்மேன் சிரித்துவிட்டார். "ஏம்மா, எனக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" நெயில் பாலிஷைக் கத்தி முனையால் சுரண்டிப் பார்த்தார், பழைய டப்பாவின் பெயின்ட்டோடு சேர்ந்து வந்தது. "இத்த சொரண்டறதுக்கு வயர மாத்திடலாம்" என்று, நான் எழுதிய நம்பர்களுக்குத் தகுந்தபடி வயர்களையே இடம் மாற்றிக் கொடுத்தார்.

அக்கா கெட்டுப்போன மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டு என் வாசல் வழியாகப் போனாள். நான் பில் பணத்தைப் பற்றியும் பேசவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அவளே நின்றாள்.

"கரண்ட்டுக்கு நான் உனக்குத் தரணும். மீனுக்கு நீ எனக்குத் தரணும். சரிக்கு சரியாப் போச்சி. வுடு."

அந்த நேரத்திலும் என் மனசு அந்தக் கூடையை எட்டிப் பார்த்து, அது எத்தனை கிலோ இருக்கும், உண்மையில் சரிக்குச் சரியா என்று எடைபோட்டது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாளிலிருந்து சாவி அவள் இடுப்பில் போனது. என் வாசல் ஆணி சும்மா இருந்தது. எங்கள் பில் பாதியாகக் குறைந்தது. அவளுடையது ஏறியதும் வாரத்தில் மூன்று நாள் மட்டும் பிளக்கைச் செருகி ஃபிரிட்ஜை ஓட்டினாள். மற்ற நாளில் மிஞ்சியதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வந்தாள். என் வீட்டுக்காரர் சத்தமாக வைத்து மேட்ச் பார்த்தார். "போலீசுல சேந்திருந்தா நீ இன்னேரம் இன்ஸ்பெக்டரு" என்று ஒருநாள் சொன்னார்.

ஐப்பசியில் ஒரு விடிகாலை, மழை தூறிக்கொண்டிருந்தது. பால் வாங்கக் கதவைத் திறந்தேன். அக்கா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே சாவியை என் படியில் போட்டாள்.

"தண்ணி வந்தா ரெண்டு கொடம் புடிச்சி வெய்யி. வேற எதுலயும் கை வெக்காத."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். தண்ணீர் வந்ததும் முதலில் அவள் குடங்களைத்தான் நிரப்பினேன். உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது ஃபிரிட்ஜின் சுவிட்ச் கண்ணில் பட்டது. கீழே தட்டி, அதன்மேல் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தாள். ஓரமெல்லாம் அழுக்கேறியிருந்தது. ஒட்டி ரொம்ப நாள் ஆகியிருக்கும் என்று நினைத்தேன். சாவி அவளிடமே இருந்த மாதங்களில் அதை யாருக்காக ஒட்டினாள்? ஒருவேளை சுவிட்ச் லூசாகிவிட்டதோ? தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தொடவில்லை. கதவைப் பூட்டி, சாவியைப் பழைய ஆணியில் மாட்டினேன். பிறகு படிக்கட்டுக்குக் கீழே போய், அவளுடைய மூன்றாம் நம்பர் சக்கரம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். அவள் வருவதற்குள் இன்னும் இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.