யாழினி அரசனாக நடித்த தவணை

துன்பியல் நாடகம் நடத்தும் ஆசிரியருக்கு இரண்டு பயங்கள் உண்டு: ஒன்று, பிள்ளைகள் தூங்கிவிடுவார்களோ என்பது, இன்னொன்று, தூங்காமல் கேட்டுவிடுவார்களோ என்பது. முதல் பயத்துக்குப் பயிலரங்குகளில் மருந்து தருகிறார்கள். நடிக்க விடுங்கள், வரைய விடுங்கள், கேள்வி கேட்க விடுங்கள் என்று நமக்கே வண்ணப் பேனா கொடுத்து எழுதச் சொல்கிறார்கள். இரண்டாவதற்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. தமிழ் இலக்கியம் எடுக்கும் உங்களில் பலர் இதை அனுபவித்திருப்பீர்கள்.

நான் ஈசூன் வட்டாரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறேன். அந்தப் பள்ளித் தவணையில் பாடமாக இருந்த பழைய நாடகத்தின் கதை இவ்வளவுதான்: போர்க்காலம். கோட்டைக் கதவை யார் திறந்தாலும் மரண தண்டனை என்று ஒரு சிற்றரசன் ஆணை போடுகிறான். வெளியே காயம்பட்டுக் கிடந்தவர்களுக்காகக் கதவைத் திறந்துவிடுகிறான் அவனுடைய ஒரே மகன். அரசன் தன் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு மகனை இழக்கிறான்.

விசாரணை நாற்காலி

வகுப்புக்கு நடுவில் ஒரு நாற்காலி. ஒரு மாணவர் கதாபாத்திரமாகவே அதில் உட்கார வேண்டும். மற்றவர்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அதற்கு முந்தைய வாரம் கதாபாத்திரங்களுக்கு ஒரு கைப்பேசிக் குழு உருவாக்கச் சொல்லியிருந்தேன். இளவரசன் செத்த இடத்தில் இர்ஃபான் என்ற பையன் ‘இளவரசர் குழுவிலிருந்து வெளியேறினார்’ என்று போட்டு வகுப்பையே சிரிக்க வைத்துவிட்டான். நாற்காலியும் அப்படித்தான் போகும் என்று நினைத்தேன். துறைத் தலைவர் திரு. மாணிக்கம் பாடத்தைப் பார்வையிட வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார்.

அரசனாக யாழினி வந்து உட்கார்ந்தாள். வகுப்பில் அதிகம் சிரிக்கிற பெண் அவள்தான். அன்று சிரிக்கவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் சட்டென்று பதில் வந்தது. ஆளுக்கு ஆள் சட்டத்தை மாற்றினால் கோட்டை எதற்கு என்றாள். கடைசியில் இர்ஃபான் எழுந்து, பெற்ற பிள்ளையாயிற்றே, வலிக்கவில்லையா என்று கேட்டான். “வலிக்குது. வலிச்சா கதவைத் திறந்துடணுமா?” என்றாள். இர்ஃபான் உட்கார்ந்துவிட்டான். பாடம் நன்றாகப் போனதா, கை மீறிப் போனதா என்று எனக்கே தெரியவில்லை. வெளியே வந்ததும் திரு. மாணிக்கம் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் கேட்டார்:

“ஜெசிந்தா, இந்தப் பொண்ணு நடிக்குதா?”

வீட்டு ஒத்திகை

அடுத்த வேலை, ஒரு காட்சியை வீட்டில் யாராவது ஒருவரோடு சேர்ந்து வாசித்துப் பதிவு செய்து வர வேண்டும். தமிழ் வீட்டிலும் புழங்கட்டுமே என்ற நல்லெண்ணம்தான். ஒருத்தி தங்கையோடு வாசித்திருந்தாள். இளவரசன் சாகும் நேரத்தில் தங்கை தண்ணீர் கேட்டாள். வகுப்பு சிரித்து முடிவதற்குள் யாழினியின் பதிவைப் போட்டேன்.

அரசன் அவளுடைய அப்பா. நல்ல கனமான குரல். அவர் பேருந்து ஓட்டுநர் என்று எனக்குத் தெரியும்; இப்படி வாசிப்பார் என்று தெரியாது. பழைய தமிழ் எங்கும் தடுக்கவில்லை. ‘என் மகனே வந்து நின்றாலும்’ என்ற இடம் வந்தது. அங்கே குரல் நின்றது. தாள் புரளும் சத்தம், பிறகு நாற்காலியைத் தள்ளும் சத்தம். நான் நிறுத்துவதற்குக் கையை நீட்டினேன். யாழினி குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அந்தக் குரல் அரசனாக இல்லாமல் வீட்டுக் குரலாகக் கேட்டது:

“இதை யாரு உன்கிட்ட குடுத்தா?”

சந்திப்பு அறை

இரண்டு நாள் கழித்து யாழினியின் அப்பாவே பள்ளிக்கு வந்துவிட்டார். ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சீருடையோடு வந்திருந்தார். சந்திப்பு அறையில் நானும் திரு. மாணிக்கமும் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. எங்கள் வீட்டு விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும், யாழினி சொன்னாளா என்று கேட்டார். எங்களுக்கு ஒன்றும் தெரியாது, இது பாடத்தில் உள்ள நாடகம் என்று பாடநூலைத் திறந்து காட்டினேன். முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். அவர் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

நம்பிய பிறகுதான் உட்கார்ந்தார். பிறகு அவரே சொன்னார். மூத்த மகன் பாலிடெக்னிக் படிப்பை விட்டுவிட்டு, அதை மறைத்து, தினமும் பையை மாட்டிக்கொண்டு வெளியே போயிருக்கிறான். உண்மையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தெரிய வந்தபோது பேச்சு முற்றி, வீட்டை விட்டுப் போனவனுக்கு யாரும் வாசல் கேட்டைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பையன் இப்போது பாசிர் ரிஸ்ஸில் நண்பனோடு இருக்கிறான். படிப்பை விட்டதுகூடப் பரவாயில்லை, பொய் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை என்றார். திரு. மாணிக்கம் ஆறுதலாக ஏதோ தொடங்கினார். யாழினியின் அப்பா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. புத்தகத்தை மூடி என் பக்கம் நகர்த்தினார்.

“டீச்சர், நான் பாதியிலேயே நிறுத்திட்டேன். கடைசியில அந்த ராஜா என்ன ஆவாரு?”

தேக்காவில் வாங்கிய வாள்

சொன்னேன். மகன் போன பிறகு அரசன் கதவைத் திறந்தே வைக்கச் சொல்கிறான், யாரும் வருவதில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போனார். யாழினியை நாடகத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று திரு. மாணிக்கம் கேட்டார். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. அவளிடமே கேட்டோம், நடிக்கிறேன் என்றாள். தவணை முடிவில் பெற்றோர் முன்னால் தண்டனைக் காட்சியை மேடையேற்றுவதாக இருந்தோம்.

மேடைப் பொருள் வாங்க அவளையும் இன்னொரு மாணவியையும் கூட்டிக்கொண்டு தேக்கா கடைத்தெருவுக்குப் போனேன். ஜரிகைத் துண்டு, பாசிமணி, ஒரு நீளமான விளையாட்டு வாள். திரும்பும்போது ரயில் நிலையத்தில் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வாளின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஓரமாக நிற்கச் சொன்னார்கள். அதிகாரி தமிழர்தான், உருவிப் பார்த்து, பிளாஸ்டிக் என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்தார். மற்ற மாணவி வழியில் இறங்கிக்கொண்டாள். அதுவரை சிரித்துக்கொண்டு வந்த யாழினி வாளை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணன் ஒருமுறை வீட்டுக்கு வந்தான் என்றாள். அப்பா வேலையில், அம்மா மார்க்கெட்டில். கேட்டுக்கு வெளியே நின்று, சட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றானாம். அவளே சொல்லி முடித்தாள்:

“சாவி என் கையிலதான் இருந்துச்சு டீச்சர். நான் திறக்கலை.”

மூன்றாம் வரிசை

மேடையேறிய அன்று அவளுடைய பெற்றோர் மூன்றாம் வரிசையில் இருந்தார்கள். நான் திரை ஓரத்தில் வசனத்தாளோடு நின்றேன். இளவரசனாக நடித்த இர்ஃபான் மண்டியிட்டான். அரசன் ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும்: ‘தண்டனையை நிறைவேற்றுங்கள்.’ யாழினி வாயைத் திறந்தாள்; சொல் வரவில்லை. வரியை மெதுவாக எடுத்துக் கொடுத்தேன். அவள் திரும்பவில்லை. காவலர்களாக நின்ற பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அரங்கில் யாரோ இருமினார்கள். திரையைப் போட்டுவிடலாமா என்று கயிற்றில் கை வைத்துவிட்டேன். அப்போதுதான் சொன்னாள், மிகவும் மெல்ல. பின்வரிசைவரை கேட்டிருக்குமா என்பது சந்தேகம்.

கைதட்டல் ஓய்ந்த பிறகு, வரி மறந்துவிட்டதா என்று அவளிடம் கேட்டேன். ஒட்டுமீசையைப் பிய்த்தபடியே சொன்னாள்:

“மறக்கலை டீச்சர். அப்பாவைப் பார்த்துட்டேன். அவர் வேணாம்னு தலையாட்டினாரு.”

விடுமுறைக்குப் பிறகு

அடுத்த தவணை தொடங்கிய அன்று யாழினி வகுப்புக்கு முன்னாலேயே வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வந்தானாம். வரச் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியாது. அம்மாவாக இருக்கலாம், அப்பாவாகக்கூட இருக்கலாம். எல்லோரும் சாப்பிட்டார்கள். அப்பா அவனோடு பேசவில்லை. இன்னொரு துண்டு மீனை மட்டும் அவன் பக்கம் தள்ளி வைத்தாராம். படிப்பு என்னவாகும், அவன் திரும்பி வீட்டோடு வருவானா, எதுவும் இன்னும் முடிவாகவில்லை. கேட்டை யார் திறந்தது என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்:

“நான்தான் டீச்சர். அப்பா பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாரு, ஒண்ணும் சொல்லலை லா.”

அந்த ஆண்டுத் தேர்வில் இந்த நாடகத்திலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை என்பதையும், அதற்காக ஒரே ஒரு பெற்றோர்கூடப் பள்ளிக்கு வந்து சண்டை போடவில்லை என்பதையும் சக ஆசிரியர்களின் மன நிம்மதிக்காகச் சொல்லி வைக்கிறேன்.