டைல்ஸ் கடையில் ஒரு கைப்பிடி நெல்

வீட்டு முன்னால் கூரை போட்டு ஒரு சிட்-அவுட் கட்டினால், அது யாருக்குச் சொந்தம்? நடை பழகும் குழந்தைக்கா, மழைக்கு ஒதுங்கும் நெல்லுக்கா? சத்தியமாக எனக்கு இன்னும் தெரியவில்லை.

கூரையை ஒருவழியாக முடித்துவிட்டேன். வெளிச்சம் வரும் பிளாஸ்டிக் ஷீட் போட்டால், சித்திரை வெயிலில் என் மகள் இனியா அப்பளமாகிவிடுவாள். தகர ஷீட் என்றால் மழைச் சத்தத்தில் தூங்க மாட்டாள். ஓடு என்றால்... இடுக்கில் தேள் வருமோ? யோசித்து யோசித்து, தகர ஷீட்டுக்கு அடியில் பி.வி.சி. சீலிங் என்று முடிவுசெய்தேன். சிங்கப்பூரில் இருக்கும் கணவரிடம் வீடியோ காலில் கேட்டேன். "உனக்குப் பிடிச்சா சரி" என்றார். இதைவிடப் பயமுறுத்தும் பதில் உண்டா?

மிச்சம் தரை. இனியா இப்போதுதான் தத்தித் தத்தி நடக்கிறாள். சாரல் அடித்து ஈரமான தரையில் வழுக்கி, பின்மண்டையில் அடிபட்டால்? இந்த நினைப்பிலேயே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போன வாரம் வலங்கைமானிலிருந்து கும்பகோணத்துக்கு டைல்ஸ் வாங்கப் போனோம் – நான், இனியா, என் மாமனார். மாமா கையில் ஒரு மஞ்சப்பை. ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை.

"இது ஆன்டி-ஸ்கிட் மேடம். எண்ணெய் கொட்டினாலும் வழுக்காது" என்றார் கடைப்பெண். நம்பிவிடுவேனா? இனியாவின் பாட்டில் தண்ணீரை டைலில் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தேய்த்துப் பார்த்தேன். வழுக்கவில்லை. அப்பாடா!

"கொஞ்சம் இரும்மா" என்றார் மாமா. மஞ்சப்பைக்குள் கைவிட்டார். ஒரு கைப்பிடி நெல்லை அள்ளி, ஈரம் படாத அதே ரகப் பக்கத்து டைலில் தூவினார். "தொடப்பம் ஒண்ணு குடும்மா" என்று கடைப்பெண்ணிடம் வாங்கிக் கூட்டியும் பார்த்தார்.

"பாத்தியா? பாதி நெல்லு பள்ளத்துலயே நிக்குது. ஒவ்வொண்ணா பொறுக்கிக்கிட்டா இருக்க முடியும்?"

"மாமா, இது பாப்பா விளையாடுற எடம்..."

"விளையாடட்டுமே, நானா வேணாங்குறேன்? மழை பேஞ்சு நெல்லை உள்ள கொட்டுறப்ப மட்டும் கொஞ்சம் ஒதுங்கி விளையாடட்டும்."

அடுத்து, முகம் தெரியும் பளபள டைல். ஒரே இழுப்பில் நெல் குவியலாகிவிட்டது. மாமா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. டைல்ஸ் கடையில் எதற்கய்யா நெல் என்று ஒருவராவது கேட்க வேண்டுமே? ஊஹூம். பாத்ரூம் டைல் பார்க்க வந்த பெரியவர் ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

"இன்னும் ஒரு வெயில் காயணுமுங்க."

"நேத்துதானே அறுத்தது" என்றார் மாமா.

"அதானே பாத்தேன்!"

நான் விடவில்லை. பளபள டைலிலும் தண்ணீரை ஊற்றிக் காலை வைத்தேன். சர்ரென்று போய்க் கடைப்பெண்ணின் தோளைப் பிடித்துத்தான் நின்றேன். "பாத்தீங்களா மாமா!" என்று வெற்றிக்களிப்பில் கத்தினேன். விழப்போனதில் இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"தண்ணிய ஊத்தி டான்ஸ் ஆடுனா எதுதாம்மா வழுக்காது?"

திரும்பிப் பார்த்தால்... இனியாவைக் காணோம்!

அலறிக்கொண்டு ஓடினேன். கடை வாசலில், வண்டி ஏற்றும் சிமெண்ட் சரிவில், திம்திம் என்று நடந்துகொண்டிருந்தாள். ஒரு தடுமாற்றம் இல்லை. பின்னாலேயே வந்த மாமா, சும்மா இருப்பாரா? அங்கேயும் நெல்லைத் தூவிக் கூட்டிப் பார்த்தார். பரவாயில்லாமல் சேர்ந்தது.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிமெண்ட்! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் மாமாவும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. கடைப்பெண் எங்களைச் சிரித்த முகத்தோடு வழியனுப்பினார் – கொஞ்சம் அவசரமாகவே.

நேற்று கொத்தனார் வந்தார். சிமெண்டைக் கொட்டி, கலவை போட்டுவிட்டு, நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வழவழன்னு தேச்சு விடவா, சொரசொரன்னு விடவா?"

"வழவழன்னு" என்றார் மாமா.

"சொரசொரன்னு" என்றேன் நான். ஒரே நேரத்தில்.

கொத்தனார் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அந்தக் கலவை வீணாகப் போனதுதான் மிச்சம். இரண்டு பேரும் பேசி முடித்தபிறகு போன் செய்தால் வருவாராம்.

நீங்களே சொல்லுங்கள், எப்படி விடலாம்? உடனே எழுதுங்கள். வழவழ கட்சிக்காரர்கள் மட்டும் நிதானமாக எழுதலாம்... அவசரமே இல்லை.