முதல் தெரிவு

அமெரிக்கக் கூடைப்பந்தில் தோற்றவனுக்குத்தான் முதல் மரியாதை. அந்த வருடம் ஆகக் கேவலமாக விளையாடிய அணிக்குத்தான், புதிதாக வருகிற பெடியன்களில் ஆகச் சிறந்தவனை எடுக்கும் வாய்ப்பு அதிகம். இதை நான் முதன்முதலில் கேட்டது 2009 ஜூன் கடைசியில், பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்னெவில், எட்டாம் மாடி அறை ஒன்றில். கேட்டவுடன் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அந்த நாட்களில் எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பசி மட்டும் நேரத்துக்கு வந்தது.

அறையில் நாங்கள் இரண்டு பேர். மற்றவர் மன்னார்க்காரர், கத்தோலிக்கர், என்னைவிடப் பதினைந்து வயது மூப்பு. அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். பக்கத்திலேயே ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. பள்ளிக்கூட அணியில் கூடைப்பந்து விளையாடியவர், அந்தப் பைத்தியம் இன்னும் விடவில்லை. சுவரில் மாதா படம் இருந்தது. அதற்குக் கீழே ஒரு தாளில், வருடவாரியாக, முதலாவதாக எடுக்கப்பட்டவர்களின் பெயர்களைத் தன் கையால் எழுதி ஒட்டியிருந்தார். மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்த மறந்தாலும் அந்தத் தாளில் புதுப்பெயர் ஏற்ற மறக்கமாட்டார்.

எனக்கு ரூ லூயி-பிளாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. வன்னியில் சண்டை எல்லாம் முடிந்து ஆறு கிழமை ஆகியிருந்தது. அம்மா முகாமில் இருக்கிறா என்று ஒருவர் சொன்னார், கண்டதில்லை என்று இன்னொருவர் சொன்னார். தம்பியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு தொலைபேசிக் கடையில், முகாம்களில் இருப்பவர்களின் பெயர்கள் என்று போட்டோக்கொப்பித் தாள்கள் ஒட்டியிருந்தார்கள். வேலைக்குப் போகும்போது ஒருதரம் வாசிப்பேன், திரும்பும்போது ஒருதரம் வாசிப்பேன். பிறகு மெட்ரோவுக்குப் போவேன். அவ்வளவுதான் என் நாள்.

ஒரு ஞாயிறு பின்னேரம் அண்ணை கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "தம்பி, இஞ்சை வந்து இரு. சுவரைப் பாக்கிறதுக்கு இதைப் பாக்கலாம்" என்றார். அந்த வருடத் தெரிவு, பதிவு செய்தது. ஒரு மண்டபம். மேசைகளைச் சுற்றிக் குடும்பம் குடும்பமாக இருக்கிறார்கள். மேடையில் ஒரு மனிதர் தாளைப் பார்த்துப் பெயர் வாசிக்கிறார். பெயருக்குரியவன் எழும்பி முதலில் தாயைக் கட்டிப்பிடிக்கிறான், பிறகு தன்னை எடுத்த அணியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு மேடைக்கு நடக்கிறான். இரண்டு சுற்று, அறுபது பெயர். நான் அறுபதையும் கேட்டேன். பெயர் வாசித்தால் யாரோ ஒருவர் சந்தோசப்படுகிற இடமும் உலகத்தில் இருக்கிறது என்று நினைத்தேன். அதைப் பற்றி மேலே நினைக்க ஏலவில்லை.

அண்ணை இடைவிடாமல் விளக்கினார். நான் கேட்கிறேனா என்பது அவருக்கு முக்கியமில்லை. ஆரம்பகாலத்தில் ஒரு அணி விரும்பினால், தன் முதல் தெரிவை விட்டுக்கொடுத்துவிட்டு, தன் ஊர்ப் பக்கத்தில் விளையாடிய பெடியனைத் தனக்கென்று உரிமை கேட்கலாமாம். சனம் தெரிந்த முகத்தைப் பார்க்கத்தானே வரும். பிறகு அதை நிறுத்திவிட்டு, இரண்டு பிரிவிலும் கடைசியாக வந்தவர்கள் நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் விழுந்தால் ஒரு நகரத்துக்குப் பத்து வருடத்துக்கு நல்ல காலம், மறுபக்கம் விழுந்தால் மற்ற நகரத்துக்கு. இப்போது பதினாலு பந்து. அதில் நாலைக் குலுக்கி எடுப்பார்கள். ஆயிரத்தொரு விதமாக அந்த நாலு வரலாம். ஆகக் கேவலமான அணிக்கு அதில் இருநூற்றைம்பது.

"குலுக்கல் மே மாதமே நடந்திட்டுது" என்றார். எந்தக் கிழமை என்று கேட்டேன். சொன்னார். வன்னியில் எல்லாம் முடிந்து, எங்கள் சனம் உலகமெல்லாம் தெருவில் இருந்து அழுத அதே கிழமை. அவரும் அதை அப்போதுதான் நினைத்தார் போல. எழும்பித் தேத்தண்ணி போட்டார்.

அந்தத் தாளில் முதலாவது பெயரைக் காட்டி, இவன் ஒரு நாள்கூட அந்த லீக்கில் விளையாடவில்லை என்றார். வரலாற்றிலேயே முதல் தெரிவு. அவனோ போய் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தானாம். பிறகு வந்தவர்களிலும் ஒன்றுக்கும் உதவாமல் போனவர்கள் எத்தனையோ பேர். கால் முறிந்தவன், குடித்தவன், பயந்தவன். ஐம்பதுக்குப் பிறகு, மண்டபம் காலியாகும் நேரத்தில் எடுக்கப்பட்டவன் பெரிய ஆளானதும் உண்டு. "முதல் எடுபட்டவனைப் பாத்து நான் பொறாமைப்படுறேல்லை தம்பி. அவன் சாகுமட்டும் கணக்குச் சொல்லவேணும்" என்றார் அண்ணை.

நாணயத்துக்கும் பந்துக்கும் நடுவில், 1985இல், கடித உறைகள். முதல்முறையாகக் குலுக்கல் வைத்த வருடம். ஏழு அணிகளின் சின்னங்களை ஏழு உறைகளில் போட்டு ஒரு உருளைக்குள் சுற்றி, லீக்கின் தலைவர் கைவிட்டு எடுத்தார். ஒரு உறையைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார்கள், கையில் குளிர்ந்ததைத்தான் அவர் எடுத்தார் என்று ஒரு கதை. இல்லை, ஒரு மூலையை மடித்து விட்டிருந்தார்கள் என்று இன்னொரு கதை. ஒருவரும் நிரூபிக்கவில்லை. அண்ணை அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். "பார், மூலையைப் பார்" என்றார்.

எனக்கு மூலையைப் பார்க்கத் தேவையில்லை. உறைக்குள் என்ன போகிறது என்பது போட்டவனுக்குத் தெரியும்.

அந்த 2009க்கு ஒன்பது வருடம் முந்தி, எங்கள் வீட்டிலும் ஒரு தெரிவு நடந்தது. இரண்டு ஆண்பிள்ளைகளில் ஒருவனை வெளியே அனுப்பலாம், இருந்த காணியை விற்றதில் அவ்வளவு காசுதான் வந்தது. மூத்தவன் போகட்டும் என்றார் அப்பா. அம்மாவுக்கு ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. தம்பி படிப்பிலும் கெட்டி, விளையாட்டிலும் கெட்டி. பள்ளிக்கூட மைதானத்தில் அணி பிரிக்கும்போது அவனை முதலில் எடுப்பார்கள், என்னை ஆள் காணாவிட்டால் எடுப்பார்கள். கடைசியில் அம்மா, பிள்ளையாரிடம் பூக்கட்டிப் பார்ப்போம் என்றா. வெள்ளை வந்தால் நான், சிவப்பு வந்தால் தம்பி. நந்தியாவட்டை ஒன்று, செவ்வரத்தை ஒன்று, இரண்டு வாழையிலைத் துண்டு, நூல். முழுகி முதலில் வந்தவன் நான் என்பதால் கட்டும் வேலை என்னிடம் வந்தது. கிணற்றடிக்குப் பின்னால் நின்று கட்டினேன்.

இரண்டிலும் நந்தியாவட்டையை வைத்தேன். காரணம் பயம். அதற்கு மேல் அழகான காரணம் ஒன்றை இத்தனை வருடமாகத் தேடியும் கிடைக்கவில்லை.

ஐயரின் நாலு வயது மகள் ஒரு பொட்டலத்தை எடுத்துத் தந்தாள். வெள்ளை. மற்றதைப் பிரித்துப் பார்க்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அது சாமியைச் சந்தேகப்படுவது மாதிரி. அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிடுவார்கள். தம்பி என் முதுகில் தட்டி, "அங்கை போய் எனக்கு ஒரு பந்து அனுப்பு" என்றான். நான் அனுப்பவில்லை. அனுப்புகிற முகம் எனக்கு இருக்கவில்லை.

அப்பா பிறகு நோயில் போய்விட்டார். வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று இயக்கம் கேட்டு வந்தபோது வீட்டில் இருந்தது அவன் ஒருவன்தான்.

2009 ஆடியில் அம்மாவின் பெயர் தொலைபேசிக் கடைத் தாளில் வந்தது. தம்பியின் பெயர் எந்தத் தாளிலும் வரவில்லை. கடைசி நாளில் அவன் ஆமியிடம் கையளிக்கப்பட்டதை அம்மா கண்ணால் கண்டிருக்கிறா. பிறகு அவனைக் கண்டவர் இல்லை.

பத்து வருடம் போயிற்று. எனக்கு வதிவிடக் காட் கிடைத்தது, கலியாணம் நடந்தது, பொண்டி என்கிற இன்னொரு புறநகருக்கு வீடு மாறினேன். என் மகள் நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள். எல்லாம் நடந்தது, ஒன்றும் எனக்குள் இறங்கவில்லை. கிளிநொச்சியில் வீதியோரக் கொட்டகையில், காணாமல் போனவர்களின் தாய்மாரோடு அம்மா தம்பியின் படத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தா. நான் ஞாயிறுகளில் போன் எடுப்பேன்.

2019இல் ஒரு ஞாயிறு, முதலில் அண்ணை எடுத்தார். குலுக்கலை மாற்றிவிட்டார்களாம். ஆகக் கேவலமான அணிக்கு இனி இருநூற்றைம்பது இல்லை, கடைசி மூன்று பேருக்கும் சமமாக நூற்றிநாற்பது. "வேணுமெண்டே தோக்கிறாங்களாம். அதுக்காக உண்மையாத் தோத்தவனையும் சேத்துத் தண்டிக்கிறதோ?" என்று கத்தினார். ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு அம்மாவுக்கு எடுத்தேன்.

பின்னால் மேளச் சத்தம் கேட்டது. "பிள்ளையார் கோயிலிலை திருவிழாவோ? நீங்கள் போகேல்லையோ?" என்றேன்.

"நான் அங்கை போய்ப் பத்து வருசம்" என்றா அம்மா. எனக்கு அது தெரியாது. "ரெண்டு பிள்ளையளையும் அவருக்கு முன்னாலை விட்டு, ஆரைக் காப்பாத்துறது எண்டு கேட்டனான். அவர்தானே உன்னைக் காட்டினவர். அப்ப மற்றவனை அவரெல்லோ பாத்திருக்க வேணும்? அவரோடை எனக்கு இனி ஒரு கதையுமில்லை."

அம்மாவுக்கு மிச்சமாக இருந்தது நானும் அந்தப் பிள்ளையாரும்தான். செய்யாத குற்றத்துக்கு அவரைத் தள்ளி வைத்திருந்தா, செய்தவனுடன் ஞாயிறு தவறாமல் கதைத்தா. உண்மையைச் சொன்னால் பிள்ளையார் அவவிடம் திரும்பி வருவார், நான் அவவிடமிருந்து போவேன். அது எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கித்தான் சொன்னேன். இரண்டிலும் வெள்ளைப் பூ என்றேன். நான்தான் வைத்தேன் என்றேன்.

மேளம் மட்டும் கேட்டது. பிறகு அம்மா கேட்டா: "தம்பிக்குத் தெரியுமே?"

"தெரியாதம்மா."

"அவன் மற்றதைப் பிரிச்சுப் பாப்பம் எண்டு கையை நீட்டினவன். சாமிக்குத்தம் எண்டு நான்தான் அவன்ரை கையிலை அடிச்சனான்" என்றா. போன் நின்றுவிட்டது.

அடுத்த வெள்ளியில் இருந்து அம்மா கோயிலுக்குப் போகிறா என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னா. விடிய முழுகி, பூவும் பிடுங்கிக்கொண்டு போகிறாவாம். நான் இப்போதும் ஞாயிறுகளில் எடுக்கிறேன். மணி அடித்து அடித்து நின்றுவிடுகிறது.