"இங்க யாரும் இல்லையேக்கா!"

போன வருஷம், சீனப் பெருநாள் முடிந்த வாரம். மழை சுத்தமாக நின்று, வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில்தான் ஜெர்மனியிலிருந்து என் தோழிகள் இருவர் என்னைப் பார்க்க வந்தார்கள்.

நான் மலேசியாவில், நீலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். முன்பு ஒருமுறை பயிற்சிக்காக அவர்கள் நாட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். குளிரிலும் பாஷை தெரியாமலும் தவித்த என்னை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குக் கூப்பிட்டு சூப் வைத்துக் கொடுத்தவர்கள் இவர்கள். ஒருத்தி என்னைவிட மூத்தவள். இன்னொருத்தி சின்னவள், எதற்கெடுத்தாலும் சிரிப்பாள்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு அண்ணனும் ஜொகூரோடு இருந்துவிட்டார். என் ஃப்ளாட்டில் வேறு மனிதர் குரல் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. அதனால் அந்த வாரம் எனக்குத் தீபாவளி மாதிரி.

போர்டிக்சன் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். திரும்பும் வழியில் சின்னவள், "கடல் எங்கள் ஊரிலும் இருக்கிறது. நீ பிறந்த இடத்தைக் காட்டு" என்றாள். அம்மாவின் காரியத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கமே போனதில்லை. இருந்தாலும் நான் பிறந்த ரப்பர் தோட்டம் இருக்கும் கோலா சாவா பக்கம் காரைத் திருப்பினேன்.

தோட்டத்து வாசலில், லோரிகளுக்கு மட்டும் திறக்கும் குறுக்குக் கம்பி போட்டு அடைத்திருந்தார்கள். காரை வெளியே விட்டுவிட்டு நடந்தோம். உள்ளே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் ஒன்றுகூட இல்லை. ரப்பர் மரங்களும் இல்லை. எங்கு பார்த்தாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. "இங்கேதான் எங்கள் வீடு, அங்கே பள்ளிக்கூடம்" என்று நான் கை நீட்டிய இடத்திலெல்லாம் ஒரே மாதிரி மரங்கள்தான் நின்றன. பாவம், அவர்கள் மரியாதைக்கு அவற்றையும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

நான் பேசிக்கொண்டே முன்னால் போனேன். பின்னால் சிரிப்புச் சத்தம் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தால், சின்னவள் முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. தலை வலிக்கிறது என்றாள், வாந்தி எடுத்தாள், அப்படியே சரிந்தாள்.

மர நிழலுக்கு இழுத்துப்போய், இருந்த தண்ணீரையெல்லாம் அவள் தலையில் ஊற்றினோம். கூப்பிட்டால் முனகலாக ஏதோ சொன்னாள். மூத்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஆம்புலன்சுக்கு அடித்தேன், லைன் கிடைத்துக் கிடைத்து அறுந்தது. பக்கத்தில் யாரையாவது கூப்பிடலாம் என்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். சூப்பர்வைசர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், கார் பட்டறை. என் ஊர் என்று கூட்டி வந்த இடத்தில், "ஓடி வா" என்று சொல்ல எனக்கு ஒரு ஆள் இல்லை.

அப்போதுதான் செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரி வந்தது. நடு ரோட்டில் நின்று கையை ஆட்டினேன். ஓட்டி வந்தவர் தமிழர், முப்பது வயதிருக்கும். குதித்து இறங்கினார்.

"என்னக்கா ஆச்சு? எங்கேருந்து வரீங்க?"

"இந்தத் தோட்டந்தான் தம்பி, எங்க ஊரு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இங்க யாரும் இல்லையேக்கா!" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது.

முன் சீட்டில் இரண்டு பேருக்குத்தான் இடம். "நீங்க காரை எடுத்துட்டு வாங்கலா, ரந்தாவ் கிளினிக்குக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். புழுதி அடங்கிய பிறகுதான் உறைத்தது. அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. என்னை நம்பிக் கடல் கடந்து வந்தவர்களை முன்பின் தெரியாதவரோடு அனுப்பிவிட்டேன். கார் வரைக்கும் தனியாக ஓடினேன், மூச்சு வாங்க நடந்தேன், மறுபடியும் ஓடினேன். அழுதாலும் கேட்க ஆளில்லாத இடம், அதனால் வாய்விட்டே அழுதேன்.

கிளினிக் வாசலில் அந்த லோரி நின்றதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. உள்ளே சின்னவளுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தாள். நேரத்தோடு கொண்டுவந்தீர்கள், பயமில்லை என்றார் டாக்டர். அதற்குள் மூத்தவளின் போனில் ஜெர்மனியிலிருந்து அழைப்பு மேல் அழைப்பு. சின்னவளின் அம்மா, அக்கா, பக்கத்து வீட்டுக்காரி. எல்லார் முகமும் அந்தச் சின்னத் திரையில் வந்து வந்து போனது. நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். லோரிக்காரரின் மனைவி. அவர்தான் போன் போட்டிருக்கிறார். கையில் ஒரு பிளாஸ்கும் ரொட்டிப் பொட்டலமும். சின்னவளுக்குத்தான் என்று நினைத்து, "உள்ள இருக்காங்கம்மா" என்றேன்.

"அவங்களப் பாக்கத்தான் நர்ஸ் மிஸ்ஸிங்க இருக்காங்களேக்கா. நீங்க ஏதாச்சும் சாப்பிட்டீங்களா? மூஞ்சே செத்துப்போச்சு" என்று தேத்தண்ணியை ஊற்றி என் கையில் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும் வரை, ஒன்றும் கேட்காமல், என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

தோழிகள் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். என் ஃப்ளாட் மறுபடியும் அமைதியாகிவிட்டது, அதில் மாற்றமில்லை. ஆனால் எங்கள் கேண்டீனில் நேப்பாளத்திலிருந்தோ வங்காள தேசத்திலிருந்தோ புதிதாக வந்த யாராவது தனியாக உட்கார்ந்திருந்தால், இப்போதெல்லாம் என் தட்டை எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்துகொள்கிறேன். பேச்சு வராவிட்டாலும் பரவாயில்லை, அவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை எழுந்திருக்க எனக்கு மனசு வருவதில்லை.