பாலத்து ஏற்றத்தில் ஒரு தீய்ந்த வாடை

போன மாதம் எங்கள் காருக்குப் புது கிளட்ச் பிளேட் போட்டோம். தேய்ந்து தீய்ந்துபோன பழையதைக் கையில் வைத்துக்கொண்டு நெரவியில் இருக்கும் மெக்கானிக் சொன்னார்: "யாரோ எப்பவும் கிளட்ச்ச பாதி மிதிச்சபடியே ஓட்டுறாங்க."

என் கணவர் உடனே என்னைப் பார்த்தார். மெக்கானிக்கும் பார்த்தார்.

அன்றிலிருந்து கியர் மாற்றியதும் இடது காலை எடுத்துத் தரையில் வைத்துவிடுகிறேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. இந்தக் காரை ஓட்டுவது நாங்கள் இரண்டே பேர்.

இன்று திருமலைராயன்பட்டினத்தில் ஒரு கல்யாணம். அவர்தான் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சாலையைப் பார்க்காமல் அவருடைய இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அரசலாற்றுப் பாலத்து ஏற்றத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. அவர் ஹேண்ட் பிரேக்கைத் தொடவே இல்லை. கிளட்ச்சைப் பாதி மிதித்து, ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி, கார் பின்னால் உருளாமல் அப்படியே பிடித்து வைத்திருந்தார்.

"ஹேண்ட் பிரேக் போடலையாங்க?"

"அதெல்லாம் புதுசா ஓட்டுறவங்களுக்கு."

கொஞ்ச நேரத்தில் ஏதோ தீய்கிற வாடை வந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் ஆற்றைப் பார்த்தார்.

"எங்கயோ குப்பைய கொளுத்துறாங்க. கண்ணாடிய ஏத்து."

ஏற்றினேன். வாடை இன்னும் அதிகமானது.

எங்கள் காருக்குள் குப்பை கொளுத்துவது யார் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அவரும் இதைப் படிப்பார்.