ஞானசெல்வி டீச்சரும் மாமியார்மாரும்

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்திருந்த காலம். மார்த்தாண்டத்துப் பக்கம் ஒரு பெண்கள் தொழிற்பள்ளியில் குடும்ப நிர்வாகம் சொல்லிக்கொடுத்த ஞானசெல்வி டீச்சருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான் உண்டு. பாடத்தை மிக நன்றாக நடத்துவாள்.

அவளிடம் படித்த பெண் அம்மிப் பக்கம் போனாலே மிளகாய் பயந்து தானாக அரைபட்டுவிடும். அவள் வெளுத்துக் காயப்போட்ட வேட்டியைப் பார்த்துச் சூரியனே கண்ணைச் சுருக்கும். இப்படியெல்லாம் ஊரில் பேச்சு இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் சும்மா இருப்பார்களா? வருசந்தோறும் பள்ளியில் சமையல் கண்காட்சி நடக்கும். கறியை ருசி பார்த்த கையோடு பெண்ணைக் கேட்டுவிடுவார்கள். பிறகென்ன, பெஞ்சுதான் மிச்சம்.

அந்த வருசம் தலைமையாசிரியை ரத்தினம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"உனக்க கிளாசில இப்பவே பாதி பெஞ்சு காலி. அடுத்த மாசம் திருவனந்தபுரத்துல இருந்து இன்ஸ்பெக்டரம்மா வருவா. இன்னும் நாலு பிள்ளை கல்யாணமாகிப் போச்சுன்னா கிளாசை மூடிருவா. பொறவு நீ வீட்டுல இருந்து உனக்க குடும்பத்தை நிர்வாகம் பண்ணிக்கோ."

டீச்சருக்கு ஏது குடும்பம்? ஒரு வாடகை அறை, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், அவ்வளவுதான். அதற்கும் இந்தச் சம்பளம் வேண்டும். கண்காட்சிக்கு முந்தின நாள் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொன்னாள்:

"நாளைக்கு ஒருத்தியும் நல்லா சமைக்கப்பிடாது. உப்பை அள்ளிப் போடுங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரிய ஓடிரணும்."

வகுப்பிலேயே கைப்பக்குவம் மிகுந்தவள் அன்னக்கிளி. "எவ்வளவு டீச்சர் போடணும்?" என்று கேட்டாள்.

"மனசாட்சி இல்லாம போடு மக்கா."

அன்னக்கிளி சொல்பேச்சு கேட்கிற பிள்ளை. புத்தளம் உப்பளத்தையே பெயர்த்துத் தீயல் குழம்பில் இறக்கிவிட்டாள். இளைய மகனுக்குப் பெண் தேடிக் கொட்டாரம் ஊரிலிருந்து வந்த நாகம்மை அதில் ஒரு வாய் வைத்தாள். கன்னியாகுமரியின் மூன்று கடலும் அவள் கண்ணில் வந்து பொங்கின. டீச்சருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

நாகம்மை கண்ணைத் துடைத்தாள். "இந்தப் பிள்ளையை எனக்குத் தாருங்க."

"கறி வாயில வைக்க முடியல்லியே அம்மா!"

"அதுக்குத்தான் டீச்சரே கேக்கேன். மூத்தவனுக்கு உங்ககிட்ட படிச்சவளத்தான் எடுத்தேன். வந்த மறுநாளே டப்பா எல்லாத்துலயும் பேரெழுதி ஒட்டிப்போட்டா. எனக்கு எழுத்து தெரியுமா? எனக்க அடுக்களையில மல்லிப்பொடி எதுன்னு அவகிட்ட கேட்டுட்டு நிக்கேன்! இவளுன்னா ஒண்ணும் தெரியாம எங்கிட்ட வந்து கேப்பா."

சுற்றி நின்ற மாமியார்மார் அத்தனை பேரும் ஒரே மாதிரி பெருமூச்சு விட்டார்கள். உடனே, இருப்பதிலேயே மோசமான கறி எவள் வைத்தது என்று ஆளுக்கொரு பக்கம் தேடக் கிளம்பினார்கள். வகுப்பே மொத்தமாகக் கரையப்போகிறது! டீச்சர் அடுப்புப் பக்கம் ஓடினாள்.

"அன்னக்கிளி! அடுப்பை மூட்டு. புதுசா ஒரு தீயல் வை."

"உப்பு, டீச்சர்?"

"ஏட்டி, அளவா போடுட்டி!"

வறுத்த தேங்காயின் மணம் குழித்துறை ஆற்றைத் தாண்டிப் போய் அக்கரைக்காரர்களையும் பசிக்க வைத்தது. நாகம்மை ஒரு வாய் தின்றாள். மறு வாய் தின்றாள். இலையை வழித்தே தின்றாள். தின்னத் தின்ன முகம் தொங்கிப்போனது.

"இவளும் மூத்த மருமகளைப்போல அந்த சாதனம்தானா?"

"இங்க எல்லாரும் அப்படித்தான்," என்றாள் டீச்சர். "இந்த வருசம் மாமியாருக்குச் சாப்பாட்டு நேரம் குறிச்சுக் குடுக்கவும் படிச்சிருக்காவ."

நாகம்மை குடையை எடுத்தாள். மற்றவர்கள் அவளுக்கு முன்னாலேயே வாசலைத் தாண்டியிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டரம்மா வந்தபோது ஒரு பிள்ளையும் குறையவில்லை. வகுப்பு தப்பியது, டீச்சரின் வேலையும் தப்பியது. இன்ஸ்பெக்டரம்மாவின் ஜீப் போன பிறகு பெற்றவர்கள் திரண்டு வந்து நின்றார்கள்.

"இப்படி நல்லா சொல்லிக் குடுத்துக் கெடுத்துப்போட்டியளே டீச்சரே! பெண் கேட்டு ஒருத்தியும் படி ஏறமாட்டேங்கா!"

"அதுக்கென்ன, படிச்சதை மறக்க வச்சிரலாம்," என்றாள் ஞானசெல்வி. "ஆனா அதுக்கு இன்னும் ரெண்டு வருசம் பிள்ளையள இங்க அனுப்பணும்."